மருமகள் வாயைத் தொறக்குமுந்தி

சாமி,

நான் சொல்லச் சொல்ல உங்கம்மா எழுதறா. எனக்கு எழுத்து வராதுன்னு உனக்குத் தெரியும், இன்னமும் கட்டவெரல் வெக்கிற ஆளுதான் நான். போன்ல பேசிரலாமேன்னு கேப்ப. மூணு தடவ போட்டேன். மூணு தடவயும் சாப்ட்டியா, அங்க மழையா, ஹூப்ளித் தண்ணி ஒடம்புக்குச் சேருதான்னு கேட்டுப்போட்டு வெச்சுட்டேன். சொல்ல வந்தது தொண்டையிலயே நின்னுக்கிச்சு. அதனாலதான் கடுதாசி. நீ கன்னடத்துல படிச்சவன், உனக்குத் தமிழ் எழுத்துக் கூட்டிக் கூட்டித்தான் வரும், பரவால்ல, மெதுவாவே படி. வேலைக்குக் கெளம்பற அவசரத்துல பிரிச்சுராத. உன்ற பொண்டாட்டி பக்கத்துல இருக்கறப்பப் பிரி. சங்கதி அவளப் பத்தினது, அவ வயித்துல இருக்கறதப் பத்தினது. அவளுக்கு நான் ஒரு தப்புப் பண்ணிப்போட்டேன். பயந்துராத, இன்னும் நேரமிருக்குதுன்னு டாக்டரம்மா சொல்லுச்சு. ஆனா முழுசாக் கேட்டுப்போட்டு இன்னைக்கே எந்திரிச்சுப் போகோணும்.

எனக்கு யாரு என்ன சொன்னாலும், இவன் எதுக்கு இதச் சொல்றான்னுதான் மொதல்ல தோணும். அது பொறந்ததுலிருந்தே இருக்கற கொணம். டவுனுக்கு வர்றதுக்கு முந்தி ராமாபுரத்துல வெதை விக்க வந்தவன்கிட்ட, உன்ற வயல்ல இதத்தான் போடறியான்னு கேட்டேன், அவனுக்கு வயலே இல்ல. போன வருசம் நம்ம அக்ரஹாரத்துக் கல்யாண மண்டபத்துல ஒரு சத்து முகாம் போட்டாங்களே, நெனப்பிருக்குதா? டை கட்டுன ஒருத்தன் என்னை ஒரு மிசின் மேல ஏத்தி நிறுத்தி, "ஐயா, உங்க ஒடம்புல புரோட்டீனே இல்ல, வயசு எழுபத்தஞ்சு காட்டுது"ன்னான். பக்கத்துலயே டப்பா டப்பாவா பவுடர் அடுக்கி வெச்சிருந்தான். நான் எறங்கிட்டு, "தம்பி, நீ ஒருக்கா ஏறு, உனக்கு என்ன காட்டுதுன்னு பாப்போம்"னேன். ஏறவேயில்லயே அவன்! மிசினு சூடாயிருச்சு, அப்பறம் பாக்கலாம்னான். பூரா சனமும் சிரிச்சுது. நீயும் சிரிச்ச. எங்கப்பன ஏமாத்த முடியாதுன்னு உன்ற பொண்டாட்டிகிட்டச் சொன்ன. அந்த வார்த்தைய நான் நாலு நாளைக்கு மென்னுட்டே இருந்தேன், அத்தன ருசியா இருந்துச்சு. அதுதான் என்னைக் கெடுத்துச்சுன்னு இப்பத் தெரியுது.

இதுக்கு முந்தி ஒண்ணு இருக்குது. உங்கம்மா, அது வேண்டாங்க, அத எதுக்கு இப்பன்னு பேனாவக் கீழ வெச்சுட்டா. எழுது புள்ளன்னு சொல்லியிருக்கறேன். நம்ம செவலை மாட்டுக் கன்னு செத்தது உனக்கு மறந்திருக்காது. உனக்கு அப்ப ஏழு வயசு. அது சீக்கு வந்து செத்துப்போச்சுன்னு உனக்குச் சொன்னேன். சீக்கு வந்தது நெசம்தான். ஆனா அதுக்கு முந்தி ரெண்டு மாசமா அதுக்கு உட வேண்டிய பாலையும் நான் டெய்ரிக்கே ஊத்திட்டிருந்தேன். ஒரு காம்பு உடோணும்னு எங்கய்யன் சொல்லுவாரு, நான் அரைக் காம்புகூட உடல. கன்னு போனதும் மாடு பாலை அடக்கிக்கிச்சு. நம்ம பக்கத்துல என்ன பண்ணுவாங்க? தோலை உரிச்சு வைக்கோல் அடைச்சு, கோணி ஊசில தெச்சு, மாட்டுக்கு முன்னால நிறுத்துவாங்க. அது நக்கிக் குடுத்துட்டே பாலை எறக்கும். அத்தன பேரும் செஞ்சதத்தான் நானும் செஞ்சேன். நீ பள்ளிக்கூடத்துலிருந்து வந்து, கன்னு பொழச்சுக்கிச்சு கன்னு பொழச்சுக்கிச்சுன்னு ஓடிப்போயிக் கழுத்தக் கட்டிக்கிட்ட. தையல் உட்டு வைக்கோல் உன்ற கைக்கு வந்துருச்சு.

அதோட நீ பால் டம்ளரைத் தொடல. சரி உட்ருவோம்னு நான் உட்டனா? ராகிக் கஞ்சில உனக்குத் தெரியாம பாலை ஊத்திக் குடுத்தேன். கண்டுபுடிச்சு அங்கயே வாந்தியெடுத்த. அப்பறம் எத்தன வருசம், நான் எதக் குடுத்தாலும் மோந்து பாத்துட்டுத்தான் வாயில வெப்ப! அப்பங்காரன் கையில வாங்கித் திங்கறதுக்கு மோந்து பாக்கற புள்ளயப் பாத்தா எப்பிடியிருக்கும்னு, நாளைக்கு உனக்கொண்ணு வருதில்ல, அப்பத் தெரியும். உனக்கு அந்த மாதர வரவேண்டாம்.

அதுக்காகத்தான், ஆறு வருசத்துக்கு முந்தி நீ தயிரு, மோரு, நெய்யி, முட்டை ஒண்ணும் வேண்டாம், செடி கொடில வர்றது மட்டும்தான்னு சொன்னப்ப, நான் ஒரு வார்த்த எதுத்துப் பேசல. மாதேஸ்வரன் சாமிக்குன்னு கறியை நாம எப்பவோ உட்டாச்சு. இதையும் உட்டா என்ன கெட்டுப்போச்சுன்னு நானும் உன்கூடச் சேந்துக்கிட்டேன். வரக்காப்பி, தேங்காப்பால், நெலக்கடலச் சட்னி, அவரை, கொள்ளு, கீரைன்னு நல்லாத்தான் தின்னோம். கீரை விக்கிறவன் வீட்டுல கீரைக்கென்ன பஞ்சம்? கல்யாணமாகி வந்த உன்ற பொண்டாட்டியும் நம்மகூடவே சேந்துக்கிட்டா. உங்கம்மா மட்டும் பொழுதுக்கும் பக்கத்து வீட்டுக்குப் போயிட்டு வருவா, வாயில பால்காப்பி மணக்கும். இத எழுதமாட்டேன்னு சண்டை போடறா. எழுதிட்டா, சிரிச்சுட்டே.

அந்த மொத வருசத்துலயே நீ ஒரு சின்ன டப்பா வாங்கிட்டு வந்த, ஞாபகமிருக்குதா? "அப்பா, இந்த மாதர சாப்புடறவங்க பி டுவல்வுன்னு ஒரு சத்த மாத்திரையா எடுத்துக்கோணுமாம், அது செடியில கெடைக்காதாம், போன்ல படிச்சேன்"ன. நான் என்ன சொன்னேன்? "மாத்திரை தின்னாத்தான் உசுரோட இருக்க முடியும்னா அது என்னடா சாப்பாடு? இது மருந்துக் கம்பெனிக்காரன் கட்டிவுட்ட கதை"ன்னேன். நீ வாதாடிப் பாத்த. பின்னால அந்த டை கட்டுனவன ஓட்டுன மாதரயே அன்னைக்கு உன்னையும் ஓட்டுனேன். பத்து நாள்ல டப்பா அலமாரி மேல போச்சு, அப்பறம் காணாமப் போச்சு. நீ சரியாத்தான் சொன்ன சாமி. நான்தான் கெடுத்தேன்.

இனிதான் நான் தொண்டைல வெச்சிருந்தது. உன்ற பொண்டாட்டிக்கு மூணாம் மாசம் நடக்கறப்ப, உனக்கு ஷிப்டுன்னு, நான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேனில்ல? அங்க நர்சம்மா வரிசையா எல்லாரையும் கேட்டுட்டே வந்துச்சு. கன்னடத்துலதான். பால் குடிக்கிறீங்களா, முட்டை சாப்புடறீங்களா, தயிரு உண்டான்னு. எங்களுக்கு முந்தி ஒரு புள்ள, பால் புடிக்கலீங்கன்னு சொல்லுச்சு. அதுக்கு அந்தம்மா, "புடிக்கலீன்னா? கொழந்தைக்கு யாரு சத்துக் குடுப்பா, பக்கத்து வீட்டுக்காரியா?"ன்னு அத்தன பேரு முன்னால போட்டு வாங்கு வாங்குன்னு வாங்குச்சு. அடுத்து நம்ம புள்ள. அவ வாயைத் தொறக்கறா, மெதுவா, சொல்லோணும்னுதான் தொறக்கறா, நான் பாத்தேன். அவ தொறக்குமுந்தி நான் முந்திக்கிட்டேன். "எல்லாம் சாப்புடறாங்க மேடம், பாலு, தயிரு, எல்லாமே. நம்ம வீட்டுல ஒண்ணுக்கும் கொறையில்ல"ன்னுட்டேன். அந்தம்மா டிக் அடிச்சுட்டு அக்கட்டப் போயிருச்சு. உன்ற பொண்டாட்டி என்னையப் பாத்தா. நான் கண்ணச் சிமிட்டுனேன். அவளும் சிரிச்சுட்டா.

எதுக்குச் சொன்னேன்னு நெசத்தச் சொல்லிர்றேன். அவளுக்குத் திட்டு உழக்கூடாதுங்கறது பாதி. மிச்சப் பாதி நீ. பால் குடிச்சே ஆகோணும்னு அவங்க புடிச்சுக்கிட்டா, வீட்டுல மறுபடியும் டம்ளரு வரும், சண்டை வரும், நீ மறுபடியும் என்னைய அந்த மாதரப் பாப்ப. ஒருக்காவாவது உன்ற பக்கத்துல நிக்கோணும்னு நெனச்சேன். நின்ன எடம் தப்பாப் போச்சு.

வெளிய வர்றப்ப அந்தம்மா ஒரு தாள் குடுத்துச்சு. மாசமா இருக்கறவங்க என்ன சாப்புடோணும்னு கவர்மெண்டுல அச்சடிச்ச தாள். நான் வாங்கிப் பாத்தேன். எழுத்துத் தெரியாதவன் எதப் பாப்பான்? படத்தத்தான். மேல கையகலத்துக்கு ஒரு டம்ளர் பால், அதுக்குப் பக்கத்துல முட்டை, மீனு, அப்பறந்தான் கீரையும் வாழப்பழமும், ஓரத்துல ஒதுங்கி நின்னுச்சுக. "பாத்தியா கண்ணு, பால்காரனும் முட்டைக்காரனும் சேந்து போட்ட தாள், இது நமக்கில்ல"ன்னேன். அவளுக்குக் கன்னடம் படிக்கத் தெரியும், கைய நீட்டுனா. "மாவா, கொடி, நோட்தீனி"ன்னா, மாமா, குடுங்க, பாக்கறேன்னு. நான் மடிச்சு ஜோப்புல போட்டுக்கிட்டேன். அடுத்த நாள் வண்டியில அதுல கறிவேப்பிலை சுத்தி ஒருத்தருக்குக் குடுத்துட்டேன். அன்னைக்கு ஆஸ்பத்திரில ரத்தம் ஊறக் குடுத்த செவப்பு மாத்திர இருக்குதே, அது போதும், வேற எவனாவது எதாவது சொன்னாக் கேக்காதன்னும் அவகிட்டச் சொல்லித்தான் ஹூப்ளிக்கு அனுப்புனேன். அவ மாமனார் பேச்சத் தட்டாத புள்ள. அதுதான் எனக்கு இப்ப வெசனம்.

நீங்க போனதுக்கப்பறம் எனக்கு ஒரு மாதர ஆயிருச்சு, உங்கிட்ட மறைச்சுட்டேன். ஒரு நாள் வெயில் ஏறுன நேரத்துல வண்டிய கோயில் வீதில தள்ளிட்டுப் போறேன், பின்னால பூக்காரம்மா கத்துது. "சொப்பினவரே, ஒரு கால் செருப்பு இங்க கெடக்குது, மத்தது எங்க, மாமியா வீட்டுலயா?"ன்னு. சொப்புன்னா கீரைதான், எனக்கு அங்க அதுதான் பேரு. குனிஞ்சு பாக்கறேன், ஒரு கால்ல செருப்பு இல்ல. எப்பக் கழண்டுச்சுன்னே தெரியல. தாரு ரோட்டுல வெறுங்கால் வெச்சிருக்கறேன், சூடும் தெரியல. பாதம் ரெண்டும் பஞ்சைச் சுத்தி வெச்ச மாதர இருந்துச்சு. அதுக்கு முந்தியே நாக்கு செவந்து எரிஞ்சுட்டிருந்துச்சு, தண்டுக் கீரை கேட்டவங்களுக்கு மறந்துபோயி பாலக் கீரையக் கட்டிக் குடுத்துட்டிருந்தேன். வயசாச்சுன்னு உட்டுட்டேன். பத்தாததுக்கு போன்ல வர்ற வீடியோவுல ஒருத்தன் பேசறதக் கேட்டேன். பழைய சோத்துல இல்லாத சத்தா, மண்ணுல வெளையற கீரையக் கழுவாமத் தின்னா பி டுவல்வு தானா வரும், டாக்டருங்க மறைக்கறாங்கன்னான். அடிச்சான் பாரு, இவன்தான் மனுசன்னு தெனமும் பழைய சோறு தின்னேன். இத்தன வருசமா எல்லாரையும் சந்தேகப்பட்டவன், அவன மட்டும் ஒரு கேள்வி கேக்கல பாத்தியா! எனக்குப் புடிச்சதச் சொன்னான், அதனால கேக்கல.

உங்கம்மாதான் இழுத்துட்டுப் போனா, வேற ஆஸ்பத்திரிக்கு. சின்ன வயசு டாக்டரம்மா. தமிழும் கன்னடமும் கலந்து பேசுச்சு. ஊசி நுனில பாதத்தத் தொட்டு, தெரியுதா தெரியுதான்னு கேட்டுச்சு. அப்பறம் என்ன சாப்புடறீங்கன்னுச்சு. நான் வாயைத் தொறக்கறேன், உங்கம்மா முந்திக்கிட்டா. "கறியில்லீங்க, முட்டையில்லீங்க, பாலு தயிரு மோரு ஒண்ணுமில்லீங்க, ஆறு வருசமாச்சு. கேட்டா எல்லாம் சாப்புடறேன்னு பொய் சொல்லுவாரு, நம்பாதீங்க"ன்னுட்டா. டாக்டரம்மா திட்டல சாமி. நான் திட்டுவாங்கன்னு தோளச் சுருக்கிட்டு ஒக்காந்திருக்கறேன், அது பாட்டுக்கு எழுதுது. "அப்பிடிச் சாப்புடறது தப்பில்ல, நல்லாவே இருக்கலாம். பருப்பு, ராகி, கீரை, எள்ளு எல்லாம் சரி. அந்த ஒரு சத்து மட்டும் அதுல வராது, அதத் தனியா எடுத்தே ஆகோணும். பழைய சோத்துலயும் வராது, மண்ணுலயும் வராது"ன்னுச்சு. ரத்தம் எடுத்தாங்க. அந்தச் சத்து அடிமட்டத்துல இருந்துச்சு. ஊசி போட்டுட்டிருக்கறாங்க.

நான் உட்ருவனா? "மாத்திரை தின்னாத்தான் பொழைக்கலாம்னா அது என்ன சாப்பாடுங்க?"ன்னு அதுகிட்டயும் கேட்டேன். அது பதில் சொல்லுமுந்தி உங்கம்மா, "ஏனுங்க, செவலை மாட்டுக்குத் தாது உப்பு வாங்கித் தவுட்டுல கலக்கிப் போட்டீங்களே, அது பச்சப் புல்லத் தின்ன மாடுதானே? மாட்டுக்குப் போட்டா சாப்பாடு, மனுசனுக்குப் போட்டா ஏமாத்தா?"ன்னா. டாக்டரம்மா சிரிச்சுட்டு, நான் சொல்ல வேண்டியத அவங்களே சொல்லிட்டாங்க, சமையல் உப்புலகூட அயோடின் போட்டுத்தான் விக்கிறாங்கன்னுச்சு.

எந்திரிக்கறப்ப அது கேட்டுச்சு. "வீட்டுல வேற யாராவது இதே மாதர சாப்புடறாங்களா?" உங்கம்மா என்னையப் பாத்தா. நான் சொவத்தப் பாத்தேன். சொவத்துல அதே தாள், பெருசா ஒட்டியிருந்துச்சு. அதே பால் டம்ளர், அதே முட்டை. "மருமக இருக்கறா மேடம். ஆறாம் மாசம்"னேன். பேனா நின்னுருச்சு அதுக்கு. எந்திரிச்சு வந்து அந்தச் சொவத்துத் தாள்ல அடியில வெரல வெச்சு எனக்காகப் படிச்சுது. படமே இல்லாத எடம், எறும்பு மாதர எழுத்து. பால், முட்டை, மீன் சாப்புடாதவங்க, பி டுவல்வு எடுத்துக்கறதப் பத்தி டாக்டர்கிட்டக் கேளுங்கன்னு. என்ற ஜோப்புல மடிச்சுப் போட்டது அதத்தான். தாய்க்கு இல்லீன்னா கொழந்தைக்கும் கெடைக்காது, அதோட நரம்பும் மூளையும் வளர்றதுக்கு அது வேணும்னுச்சு. அந்தச் செவப்பு மாத்திரை அதுக்குப் பதிலாகாதாம், ரத்தத்துல கொறை தெரியாம அது மூடி வெச்சாலும் வெச்சுருமாம். உடனே ரத்தம் பாக்கச் சொல்லுங்க, அங்க பாக்கற டாக்டர்கிட்ட என்ன சாப்புடறாங்கன்னு ஒண்ணுவிடாம நெசத்தச் சொல்லச் சொல்லுங்கன்னுச்சு. நெசத்தங்கறத அழுத்திச் சொல்லுச்சு. எனக்காகவே அழுத்துன மாதர இருந்துச்சு.

என்ற சந்தேகம் போயிருச்சுன்னு நெனக்காத. அந்தத் தாள் போட்டவங்க மேல எனக்கு இன்னமும் கோவம்தான். பால் டம்ளருக்குக் கையகலம் படம், நம்ம மாதர ஆளுகளுக்கு ஒரு எறும்பு வரி. ஏன், எங்களுக்கும் ஒரு மாத்திரைப் படம் போட்டா காகிதம் கிழிஞ்சிருமா? அந்த நர்சம்மா அந்தப் புள்ளயத் திட்டாம இருந்திருந்தா நம்ம புள்ள வாயைத் தொறந்திருப்பா. அதையும் டாக்டரம்மாகிட்டச் சொன்னேன், அது இல்லீன்னு சொல்லல. மருந்துக் கடையிலயும் உடல. மாத்திரை எதுல செஞ்சது, மாட்டு எலும்பா, ஈரலான்னு கேட்டேன். கடைக்காரப் பொண்ணு போன் போட்டு விசாரிச்சு, "சத்து கிருமிய வளத்து எடுக்கறதுங்க, மாவு புளிக்குதில்ல, அந்த மாதரன்னு வெச்சுக்கோங்க. ஆனா கேப்சூலோட மேல் ஓடு சிலதுல மாட்டு எலும்புல வர்றதா இருக்கும், நீங்க உருண்டை மாத்திரையாக் கேட்டு வாங்குங்க"ன்னுச்சு. பாத்தியா, கேட்டதுனாலதான் தெரிஞ்சுது. அதனால நீ அங்க எல்லாத்தையும் கேளு. எதுக்கு, எத்தன நாளு, எதுல செஞ்சதுன்னு கேளு. பால் குடிச்சே ஆகோணும்னு சொன்னா, நாங்க குடிக்கறதில்லீங்க, அதுக்குப் பதிலா என்ன பண்ணோணும், சொல்லுங்கன்னு கேளு. கேட்டுட்டு, பதில் வர்ற வரைக்கும் நில்லு. நான் கேக்காமயே எந்திரிச்சு வந்தவன். உன்ற ரத்தத்தையும் பாரு. ஆறு வருசம் உனக்கும்தான்.

இதயெல்லாம் படிச்சு அவளுக்குக் கன்னடத்துல சொல்லோணும் நீ. உன்னைய எனக்குத் தெரியும், என்ற தப்ப நீ நெம்ப மழுப்பிச் சொல்லுவ. அப்பாவுக்கு எழுத்துத் தெரியாது பாவம், அதனால தெரியாமப் பண்ணிப்போட்டாருன்னு சொல்லுவ. அப்பிடிச் சொல்லாத. எழுத்துத் தெரியாதது எனக்கு. படிக்கத் தெரிஞ்சவ கைய நீட்டுனா, அவ கையில குடுக்காதது நான். அவருக்குத் தெரியாமயில்ல, தெரிஞ்சுக்க வேண்டாம்னு இருந்தாருன்னு சொல்லு. அப்பிடியே சொன்னாத்தான் அவ என்ற பேச்சத் தட்டுவா. இந்த ஒரு தடவ அவ தட்டோணும்.

சொல்லிட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ. உள்ள போனா நீ பேசாத, அவ பேசட்டும். என்ன திங்கறா, என்ன திங்கறதில்லீன்னு அவ வாயாலயே சொல்லட்டும், எத்தன நேரமானாலும் சரி. வெளிய வந்ததும் எனக்குப் போன் பண்ணச் சொல்லு. திட்டறதுக்கா இருந்தாலும் சரி, நான் போனக் கையிலயே வெச்சுட்டு ஒக்காந்திருப்பேன்.